காருக்குள் ஈரம், பூசண வாடை, பனி மூடும் கண்ணாடி: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாது, கார்க் கதவைத் திறந்தால் ஓதம் அடித்த பழைய வீட்டுக்குள் நுழைவது போல ஒரு வாடை வரும். மேட்டைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று இருக்கும். என் வண்டியில் இது நடந்தபோது நான் செய்த தவறு, உடனே காய வைக்க ஆரம்பித்ததுதான். துண்டு போட்டு ஒற்றி, ஃபேன் வைத்து, வெயில் வந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து போட்டு மூன்று முறை காய வைத்தேன், மூன்று முறையும் நாலே நாளில் அதே இடம் அதே ஈரம். சீட் கழற்றிச் சுத்தம் செய்யும் கடையில் காசும் கொடுத்தேன். கடைசியில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு குளவிக் கூட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மழைக்கும் அந்த ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. மழை பெய்யாத நாளிலும் அந்த இடம் நனைந்ததை நான் கவனித்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

அதனால், எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் காய வைக்காதீர்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன காரணமாக இருக்கும், எப்படி உறுதிப்படுத்துவது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் காய வைக்கும் பகுதியை எல்லோரும் படியுங்கள், அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம்.

முதலில் மூன்று கேள்விகள்

எப்போது நனைகிறது? மழைக்குப் பிறகா, வாட்டர் வாஷுக்குப் பிறகா, ஏசி போட்டு நீண்ட தூரம் ஓட்டிய பிறகா? ஒரு வாரம் சின்னதாகக் குறித்து வையுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

எங்கே நனைகிறது? இடது முன்பக்கமா, ஓட்டுநர் பக்கமா, பின்சீட்டுக்குக் கீழா, டிக்கியா? கார்பெட்டின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற தடித்த அடுக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். வெள்ளை டிஷ்யூ தாளை நாலாக மடித்து, கால் வைக்கும் இடத்தில் குதிகாலால் அழுத்தி ஒரு நிமிடம் நில்லுங்கள். தாள் நனைந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது.

என்ன தண்ணீர் அது? அதே தாளைப் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாமல் தெளிவாக இருந்தால் மழைத் தண்ணீர் அல்லது ஏசித் தண்ணீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயம் இருந்து, விரலில் பிசுபிசுத்து, இனிப்பான ஒரு வாடை அடித்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். அழுக்கும் மண்ணும் கலந்திருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஓட்டை வழியாக வருகிறது. ஒருபோதும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கூலன்ட் விஷம்.

மழையே இல்லை, ஆனால் இடது முன்பக்கம் நனைகிறது

ஏசி குளிர வைப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மேல் அந்த ஈரம் தண்ணீராகப் படிந்து, கீழே ஒரு தட்டில் சேர்ந்து, சின்ன ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஒரு மணி நேர ஓட்டத்திலேயே கணிசமாகத் தண்ணீர் இறங்கும். குழாய் அடைத்தால் அத்தனையும் டாஷ்போர்டுக்கு அடியில் வழிந்து கார்பெட்டுக்குள் போகும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, அதாவது இடதுபக்கம்தான் நனையும்.

உறுதிப்படுத்துவது எளிது. காய்ந்த தரையில் வண்டியை நிறுத்தி ஏசியை 20 நிமிடம் ஓட விடுங்கள். அடியில் முன்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அடைப்பது பெரும்பாலும் தூசிச் சேறு, இலைத்தூள், சில சமயம் என் வண்டியில் இருந்தது போல குளவிக் கூடு. வண்டியை மேலே தூக்கி நிறுத்தும் வசதியுள்ள இடத்தில் அடியிலிருந்து குழாயைக் கண்டுபிடித்து, வளையும் தன்மையுள்ள நைலான் நரம்பை (மீன் பிடிக்கும் தங்கூசி போதும்) மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், அது கூலிங் காயிலைக் குத்தினால் ஆயிரக்கணக்கில் செலவு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம். அடைப்பு விட்டதும் ஒரு தம்ளர் அழுக்குத் தண்ணீர் கொட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பிசுபிசுக்கிறது, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று துடைக்கத் துடைக்க வருகிறது

இது ஹீட்டர் காயில் ஒழுகுவது. இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட்தான் ஹீட்டருக்கும் போகிறது, அந்தச் சின்ன ரேடியேட்டர் டாஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது ஓட்டையானால் கார்பெட் நனைவதோடு, ஆவி கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி வழவழப்பான படலமாகப் படியும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு போனட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள், வாரத்துக்கு வாரம் குறைகிறதென்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இதை வீட்டில் சரி செய்ய முடியாது, டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டிய வேலை. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். கூலன்ட் குறைந்தால் இன்ஜின் சூடாகி அதைவிடப் பெரிய செலவு வரும். நனைந்த கார்பெட்டைக் குழந்தையும் நாயும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் மட்டும் முன்பக்கம் நனைகிறது

வைப்பர் இருக்கும் இடத்தில், கண்ணாடிக்கும் போனட்டுக்கும் நடுவே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதற்கு அடியில் ஒரு தொட்டி. கண்ணாடியில் வழியும் மழை எல்லாம் அதில் விழுந்து இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கும். வேப்ப மரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ வண்டி நிறுத்துகிறவர்கள் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தால் அசந்துபோவீர்கள், ஒரு சட்டி நிறைய இலை மக்கி எருவாகியிருக்கும். துளை அடைத்துத் தொட்டி நிறைந்தால், உள்ளே காற்று போகும் வழியாகவே தண்ணீரும் போகும். ஏசி ஃபில்டர் நனைந்திருந்தால் அதுதான் சாட்சி. க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை இழுத்துப் பாருங்கள். நனைந்த ஃபில்டரைக் காய வைத்துத் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

சன்ரூஃப் உள்ள வண்டியா? சன்ரூஃப் முழுக்கத் தண்ணீர் புகாதபடி செய்யப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரை ஒரு வாய்க்கால் பிடித்து, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகக் கதவுத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடும். குழாய் அடைத்தால் கூரைத் துணியில் கறை, தூண் ஓரத்தில் ஈரம், அப்புறம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். சன்ரூஃபைத் திறந்து, மூலைத் துளையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள், சில நொடியில் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அதே தங்கூசி வைத்தியம்தான். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள், குழாய் இணைப்பிலிருந்து கழன்று தூணுக்குள் விழுந்துவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

முன்கண்ணாடி உடைந்து புதிது மாற்றியிருந்தால் சந்தேகம் அங்கேயும் போக வேண்டும். ஒட்டுப் பசையில் ஒரு மயிரிழை இடைவெளி போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு: கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கூடும். வெளியே கண்ணாடி ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வாருங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குமிழ் விடும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான்.

கதவை மூடும்போது உள்ளே தண்ணீர் குலுங்குகிறது, கதவோரம் கார்பெட் ஈரம்

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாக மழை உள்ளே போகும், கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியே வரும். குலுங்கும் சத்தம் கேட்டால் அடித்துளை அடைத்திருக்கிறது. கதவைத் திறந்து கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள், சேறு அப்பியிருக்கும். ஒரு துடைப்பக் குச்சியால் குத்திவிட்டால் கடகடவென்று கொட்டும். அப்படியே விட்டால் கதவு அடியிலிருந்து துருப் பிடிக்கும்.

சத்தம் இல்லை, ஆனால் கதவோரம் நனைகிறதென்றால் வேறு விஷயம். கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கதவுக்குள் வரும் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாற்றியபோதோ சென்ட்ரல் லாக் போட்டபோதோ பவர் விண்டோ ரிப்பேர் செய்தபோதோ அதைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவில் ஏதாவது வேலை பார்த்த பிறகு வந்த ஈரம் என்றால் முதலில் இந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும். பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் பட்டை) வாங்கித் திரும்ப ஒட்டலாம். பழைய தாள் நைந்திருந்தால் கனமான பாலித்தீன் தாளை அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாள் துண்டை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் நசுங்கியிருக்கிறது.

டிக்கியில், ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர்

ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, டயர் பஞ்சராகும் நாளில்தான் அங்கே ஒரு குளமே இருப்பது தெரியும். வழிகள் மூன்று: டெயில் லாம்ப்புக்குப் பின்னால் உள்ள ரப்பர், டிக்கிக் கதவு பீடிங், பிறகு போட்ட ரிவர்ஸ் கேமராவின் ஒயர் துளை. கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர் வெடித்திருந்தாலும் தண்ணீர் கூரைத் துணிக்குள் ஓடிப் பின்பக்கம் இறங்கும். பின்னால் இடி வாங்கிப் பட்டி பார்த்த வண்டியாக இருந்தால் தகடு சேரும் இடங்களில் பசை விட்டுப்போயிருக்கும். அந்த இடங்களில் முகப்பவுடரைத் தூவி விட்டு மழைக்குப் பிறகு பாருங்கள். தண்ணீர் வந்த வழி பவுடரில் கோடாக விழுந்திருக்கும். குழியில் பெரும்பாலும் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும், அதைக் கழற்றினால் தேங்கியது இறங்கிவிடும், ஆனால் திறந்தே விடாதீர்கள், கீழிருந்து ரோட்டுத் தண்ணீர் மேலே அடிக்கும்.

எந்த வழி என்றே பிடிபடவில்லை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸ் பைப்போடு வெளியே. கீழிருந்து தொடங்குங்கள், ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் மேலே. மேலிருந்து ஊற்றினால் வண்டி முழுக்க வழிந்து எந்த ஓட்டை என்று தெரியாமல் போகும். அழுத்தம் கொடுத்து அடிக்க வேண்டாம், மழை மாதிரி மெதுவாக விழட்டும். பொறுமை வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகும், ஆனால் இதுவரை என் வண்டியிலும் அக்கம்பக்கத்தில் நான் உதவிய வண்டிகளிலும் இந்தச் சோதனை விடை சொல்லாமல் விட்டதில்லை.

சரி, வழியை அடைத்தாயிற்று. இப்போது காய வைப்பது

வெயிலில் நிறுத்திப் பூட்டி வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன காருக்குள் ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்று இருக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும், மொத்தம் 90 கிராம். வெயிலில் உள்ளே 60 டிகிரி ஆனால் கன மீட்டருக்கு 130 கிராம், மொத்தம் 400 கிராமுக்குள். கார்பெட்டுக்கு அடியில் இருப்பதோ இரண்டு மூன்று லிட்டர். பூட்டிய வண்டியில் ஈரம் ஆவியாகி மேலே போகும், அதற்கு மேல் காற்றில் இடமில்லை, ராத்திரி குளிர்ந்ததும் கூரைத் துணியிலும் கண்ணாடியிலும் படிந்து திரும்பக் கீழே இறங்கும். காலையில் கார்பெட்டோடு கூரையும் ஈரம். பூசணத்துக்கு இதைவிடச் சுகமான இடம் கிடையாது.

அதனால் வெயிலை இப்படிப் பயன்படுத்துங்கள்: ஒரு மணி நேரம் கண்ணாடியை ஏற்றிச் சூடாக்கி, பிறகு நாலு கதவும் டிக்கியும் 15 நிமிடம் திறந்து அந்த ஈரக்காற்றை விரட்டி, மறுபடி மூடி, மறுபடி திறந்து, உச்சி வெயில் இருக்கும் வரை இதையே செய்யுங்கள். நாலு மணிக்கு மேல் திறந்து போடாதீர்கள். மழைக்கால மாலைக் காற்று உங்கள் வண்டியை விட ஈரமாக இருக்கும்.

அதற்கு முன் தண்ணீராக இருப்பதைத் தண்ணீராகவே எடுத்துவிட வேண்டும். மேட்டுகளை வெளியே எடுங்கள். தரை முழுக்க மூடும் இந்தச் செவன் டி மேட் போட்டவர்கள் அவசியம் கழற்றுங்கள், அடியில் குளம் இருந்தாலும் மேலே ஒரு சொட்டுத் தெரியாது. ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிடைத்தால் மிகவும் நல்லது, பல வாட்டர் வாஷ் கடைகளில் இருக்கும். இல்லையென்றால் பழைய துண்டுகளைப் போட்டு ஏறி மிதித்து, பிழிந்து, மறுபடி மிதியுங்கள். துண்டு நனையாமல் வரும் வரைக்கும்.

பிறகு கார்பெட்டைத் தூக்குங்கள். கதவின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டை கிளிப்பில்தான் நிற்கிறது, மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். கார்பெட் ஓரத்தை உயர்த்தி அடியில் கட்டையோ கவிழ்த்த டப்பாவோ வைத்து, வீட்டு டேபிள் ஃபேனை நேராக அந்தப் பொந்துக்குள் திருப்பி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத்தில் படாமல் இருக்கட்டும். அடிப்பஞ்சு காய இரண்டு நாள் ஆகும், மழைமேகம் இருந்தால் நாலு நாள். இடையிடையே செய்தித்தாளைச் செருகி வைத்து எடுங்கள், தாள் மொறுமொறுவென்று காய்ந்தபடியே வெளியே வந்தால்தான் வேலை முடிந்தது.

சீட்டைக் கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகே தொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வெயிலே இல்லாத நாட்களில் காரின் ஏசிதான் கைகொடுக்கும். திறந்த வெளியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, வெப்பத் திருகை சூட்டுப் பக்கம் வைத்து, உள்காற்றே சுற்றும் நிலையில் முக்கால் மணி நேரம் ஓட விடுங்கள். சூடு ஈரத்தைக் கிளப்பும், கூலிங் காயில் அதைப் பிடித்து ரோட்டில் சொட்டவிடும். மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது. ஓடும் வண்டிக்குள் படுத்துத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

சிலிக்கா ஜெல் பை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அரைக் கிலோ ஜெல் நூறு, நூற்றைம்பது மில்லி வரை உறிஞ்சும், அவ்வளவுதான். சொதசொதப்பான கார்பெட்டுக்கு அது காணாது. காய்ந்த பிறகு, மழைக்காலம் முழுக்க டாஷ்போர்டில் வைத்திருக்க நல்லது. நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் எப்போது சூடாக்கிக் காய வைக்க வேண்டும் என்று தெரியும். தண்ணீராகக் கரையும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை ஓடும் வண்டியில் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் தகட்டை அரித்துவிடும்.

காய்ந்துவிட்டது, வாடை போகவில்லை

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பூசணம் இருக்கும் இடத்தில் தெளித்து, துடைத்து, வெயில் காட்டுங்கள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த பூசணத்தைத் தேய்க்கும்போது தூளாகப் பறக்கும், வீசிங் உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் பச்சைப் புள்ளிகள் இருக்கும், யாரும் அங்கே பார்ப்பதில்லை. பெனாயில், பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அந்த ஆவியை மூடிய வண்டிக்குள் சுவாசிப்பது யாருக்கும் நல்லதல்ல, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சென்ட் பாட்டில் வாடையை மறைக்கும், அவ்வளவே.

ஏசி போட்ட முதல் நிமிடத்தில் மட்டும் நாற்றம் வருகிறதென்றால் கார்பெட்டில் பிரச்சினை இல்லை, கூலிங் காயிலில் பூசணம். வீடு போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு, வெளிக்காற்று நிலையில் ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். இதை வழக்கமாக்கிக்கொண்ட பிறகு எனக்கு அந்த நாற்றம் திரும்ப வரவில்லை.

கண்ணாடி மூடிக்கொள்கிறது

முதலில் விரலால் ஒரு கோடு போடுங்கள், பனி உள்ளேயா வெளியேயா? இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், மாற்றிச் செய்தால் நடுரோட்டில் குருடாகிவிடுவோம்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் மழை இரவில் வெளிப்பக்கம் மூடும். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியை 18-இல் வைத்து முன்கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பினால் கண்ணாடி, ஐஸ் தண்ணீர் சொம்பு மாதிரி வெளியே வியர்க்கும். வைப்பரைப் போடுங்கள், குளிரைக் குறையுங்கள், காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏறும்போது உள்பக்கம் மூடும். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு தம்ளர் தண்ணீர் காற்றில் சேர்கிறது, வெளியே குளிர், கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவும் அதில்தான் படியும். இங்கே காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியைப் போட்டு, சூட்டையும் கூட்டி, வெளிக்காற்று நிலைக்கு மாற்ற வேண்டும். ரோட்டில் மேகமே இறங்கி நிற்கும்போது அந்தக் காற்றை எப்படி உள்ளே விடுவது என்று தோன்றும். 10 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் கன மீட்டருக்கு 9 கிராம் நீர்தான் இருக்கும், அதையே 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது காய்ந்த காற்றாகிவிடுகிறது. உள்காற்று நிலையில் ஏசியும் போடாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏற நினைக்காதீர்கள்.

கையால் துடைக்காதீர்கள், கை எண்ணெய் படிந்து அடுத்த முறை இன்னும் வேகமாக மூடும். கண்ணாடியின் உள்பக்கத்தை மாதம் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டை ஈரத் துணியில் தேய்த்துப் பூசி, காய்ந்த துணியால் தெளியும்வரை மெருகேற்றுங்கள். சில நாள் பனி பிடிக்காது.

ஏசியும் சரி, ஒழுகலும் இல்லை, ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடி உள்ளே வியர்த்திருக்கிறதென்றால் அடியில் எங்கோ பழைய ஈரம் தங்கியிருக்கிறது. மேலே சொன்ன டிஷ்யூ சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம், நனைந்த குடை, மழைக்கோட்டு, ஜிம் துண்டு இவற்றை வண்டிக்குள் விட்டுவிட்டு வரும் பழக்கமும் ஒரு காரணம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் சீட் வரை தண்ணீரில் நின்றன. இது வேறு கதை. தண்ணீர் கேபின் தரையைத் தாண்டியிருந்தால் சாவியே போடாதீர்கள், ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு சுற்றிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்படிப் போன இன்ஜினுக்கு என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காத காப்பீட்டில் பெரும்பாலும் பணம் வராது. தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று போட்டோ எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் செய்யுங்கள். மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகாதீர்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய அடிப்பஞ்சைக் காய வைத்துப் போராட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கிவிடுகிறேன். வைப்பர் மூடியைத் திறந்து இலை அள்ளுவது, நாலு கதவின் அடித்துளையைக் குத்திவிடுவது, ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பது, ஏசியைப் போட்டு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பது. ஒன்றரை மணி நேர வேலை. குளவி மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே குழாயைத் தேடி வந்துவிடுகிறது, தங்கூசி டிக்கியிலேயே இருக்கிறது.